முப்பத்தாறும் தொண்ணூற்று மூன்றும்

இந்திய அணி டெஸ்ட் ஆட்டத்தில் நொறுங்கி விழும் ஒவ்வொரு முறையும் நாம் ஒரே ஒப்பாரியைத்தான் பாடுகிறோம். பொறுமை போயிற்று, தடுப்பாட்டம் போயிற்று, இருபது ஓவர் ஆட்டம் எல்லாவற்றையும் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டது. எந்தச் சாவுக்கும் பொருந்துகிற ஒப்பாரி என்பதாலேயே இறந்தவரைப் பற்றி அது நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. எனவே அதைச் சற்று நிறுத்திவைத்துவிட்டு இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். 2020 டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் 36. 2025 நவம்பர் 16 அன்று கொல்கத்தாவில் 93. முன்னது இந்திய டெஸ்ட் வரலாற்றிலேயே ஆகக் குறைந்த எண்ணிக்கை. 1974இல் லார்ட்ஸில் எடுத்த 42ஐப் பின்னுக்குத் தள்ளியது. பின்னது சாதனைப் பட்டியல் எதிலும் முதலிடம் பெறாது. ஆயினும் நம் உறக்கத்தைக் கெடுக்க வேண்டியது 93தான் என்பது எங்கள் கட்சி.

முதலில் 36ஐப் பார்த்துவிடுவோம். அந்த ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸில் இந்தியா 244, ஆஸ்திரேலியா 191. ஐம்பத்து மூன்று ஓட்டங்கள் முன்னிலை பெற்றிருந்த அணி, மூன்றாம் நாள் உணவு இடைவேளைக்குள் அநேகமாக இல்லாமலே போயிற்று. ஹேசல்வுட் 8 ஓட்டங்களுக்கு 5 விக்கெட், கம்மின்ஸ் 21க்கு 4. ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. ஷமி காயத்தால் வெளியேற, கணக்கு 9 விக்கெட்டோடு முடிந்தது. அந்த ஆட்டமிழப்புகளைத் திரும்பப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரும்பாலானவை மோசமான அடிகளால் வந்தவையல்ல. மட்டையாளர் முன்வந்து நேர்மட்டையோடு தடுக்கிறார். பந்து கடைசி நேரத்தில் அரை அங்குலம் விலகி விளிம்பைத் தொடுகிறது. விக்கெட் கீப்பரிடம் போய்ச் சேர்கிறது. மற்ற நாட்களில் இத்தகைய பந்துகள் பத்தில் ஏழெட்டு விளிம்பைத் தொடாமல் கடந்துபோகும். ‘பீட்டன்’ என்று சொல்லி வர்ணனையாளர் அடுத்த பந்துக்குப் போய்விடுவார். அன்று எல்லாம் தொட்டன. மிகச் சிறந்த பந்துவீச்சும் மிகக் கெட்ட நேரமும் ஒரே முகூர்த்தத்தில் கூடிவந்த விபத்து அது.

விபத்து என்பதற்குச் சான்று அடுத்த முப்பது நாட்கள். கோலி தாயகம் திரும்ப, ரஹானே தலைமையில் மெல்போர்னில் எட்டு விக்கெட் வெற்றி, ரஹானேயின் 112. சிட்னியில் நான்காவது இன்னிங்ஸில் 131 ஓவர்கள் தாக்குப்பிடித்து ஈட்டிய சமன். தொடைத்தசை கிழிந்த நிலையில் விஹாரி 161 பந்துகளில் 23, முதுகுவலியோடு அஷ்வின் 128 பந்துகளில் 39. பிரிஸ்பேனில் 328ஐ விரட்டிப் பெற்ற வெற்றி. அங்கே புஜாரா 211 பந்துகளில் 56 எடுத்தார். உடம்பெங்கும் பந்துகளை வாங்கிக்கொண்டு நின்றார். 36க்குச் சுருண்டவர்களில் பலர் இந்த ஆட்டங்களிலும் இருந்தார்கள். இந்த மட்டைவீச்சைப் பலவீனமானது என்று சொல்ல நமக்கு நாக்கு வரவில்லை.

கொல்கத்தாவின் கதை வேறு. தென்னாப்பிரிக்கா 159, இந்தியா 189, தென்னாப்பிரிக்கா 153. வெற்றிக்கு வேண்டியது 124. கழுத்துப் பிடிப்பால் தலைவர் கில் ஆட முடியாமற்போனது உண்மை. அதை ஒதுக்கிவிட்டாலும் மீதமிருந்தவர்களால் 93க்கு மேல் எடுக்க முடியவில்லை. எதிரே நின்றவர் வார்னோ முரளிதரனோ அல்லர். முப்பத்தாறு வயதான சைமன் ஹார்மர் என்னும் நேர்த்தியான, உழைப்பாளியான ஆஃப் ஸ்பின்னர். முதல் இன்னிங்ஸில் 30க்கு 4, இரண்டாவதில் 21க்கு 4. மூன்றாம் நாளே ஆட்டம் முடிந்தது. முடிந்த பின் பயிற்சியாளர் கம்பீர், நாங்கள் கேட்டது இதே ஆடுகளம்தான், தடுத்தாடத் தெரிந்தவர்கள் இதில் ஆடியிருக்கலாம் என்னும் பொருள்படப் பேசினார். அவர் சொன்னதில் பாதி சரி. அதே ஆடுகளத்தில் பவுமா 136 பந்துகளைச் சந்தித்து 55 ஓட்டங்களோடு ஆட்டமிழக்காமல் நின்றார். இரு அணிகளிலும் சேர்த்து ஐம்பதைக் கடந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் சொன்னதன் மற்றப் பாதிதான் நமக்கு முக்கியம். நாங்கள் கேட்டது. கேட்டு வாங்கிய களத்தில் நொறுங்கினோம். அடிலெய்டில் அந்தக் களத்தை நாம் கேட்கவில்லை.

ஏன் கேட்கிறோம்? நம் பந்துவீச்சு வலிமையானது, அதிலும் சுழற்பந்து வீச்சு உலகிலேயே வலிமையானது, எனவே பந்து எவ்வளவு சுழல்கிறதோ அவ்வளவு நமக்கு ஆதாயம் என்னும் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுழற்பந்தின் சூட்சுமத்தை அறிந்தவர்கள் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதைக் காண்பார்கள்.

நல்ல ஆடுகளத்தில் சுழற்பந்து வீச்சாளர் தம் வேலையில் பெரும்பகுதியைக் காற்றிலேயே செய்தாக வேண்டும். பந்தைக் கண்மட்டத்துக்கு மேலே தூக்கி, வரும் என்று எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு சாண் முன்னே இறக்கி, வேகத்தை மாற்றி, கோணத்தை மாற்றி, ஐந்து ஓவர் பொறுத்திருந்து ஆறாவது ஓவரில் வலையை இழுக்க வேண்டும். இந்தக் கலையில் அஷ்வினுக்கும் ஒரு சாதாரண வீச்சாளருக்கும் உள்ள தொலைவு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. பொடிந்து போன ஆடுகளத்திலோ (பத்திரிகைகள் கேலியாகக் ‘குழிப்பிட்ச்’ என்று எழுதுகின்றனவே, அது) காற்றுக்கு வேலையே இல்லை. ஒரே பிடியில், ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் ஆறு பந்துகளை வீசினால் போதும். ஒன்று வெடிப்பில் பட்டு ஒரு முழம் திரும்பும். அடுத்தது தையல் படாமல் தோலில் பட்டு வழுக்கிக்கொண்டு நேராக வரும். எது எப்படி வரும் என்பது வீசியவருக்கே தெரியாது. அவருக்கே தெரியாததை மட்டையாளர் எப்படிக் கணிப்பார்? திரும்பும் என்று எண்ணி மட்டையை வெளியே கொண்டுபோனால் நேர்ப்பந்து கால்காப்பில் அடிக்கிறது. முற்காலத்தில் முன்காலை நீட்டிக் கால்காப்பாலேயே தடுத்துத் தப்பிக்கலாம், நடுவர் கையைத் தூக்கத் தயங்குவார். டிஆர்எஸ் வந்தபின் அந்தப் புகலிடமும் பறிபோயிற்று.

ஆக, இத்தகைய களம் நம் சுழலர்களின் வலிமையைப் பெருக்குவதில்லை. எதிரணிச் சுழலர்களின் பலவீனத்தைத் துடைத்தெறிகிறது. பெரிய வீச்சாளருக்கும் சாதாரண வீச்சாளருக்கும் இடையே வேலியாக நின்ற திறமையை நாமே பிடுங்கி எறிந்துவிடுகிறோம். இது புதிதுமல்ல. 2004 நவம்பரில் மும்பை வான்கடேயில் மைக்கேல் கிளார்க், அவ்வப்போது பந்துவீசுகிற மட்டையாளர், ஏழு ஓவர்கூட முழுதாக வீசாமல் 9 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். 107ஐ விரட்டிய ஆஸ்திரேலியா 93க்குச் சுருண்டதால் (அதே எண், பாருங்கள்) நாம் 13 ஓட்டங்களில் தப்பினோம். தப்பியதால் கிளார்க் சொல்லிச் சென்ற செய்தியை மறந்தோம். 2021 பிப்ரவரியில் அகமதாபாத்தில், இரண்டே நாளில் முடிந்த பகலிரவு ஆட்டத்தில், ஜோ ரூட் 8 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். அதையும் வெற்றியின் மகிழ்ச்சியில் மறந்தோம்.

இதற்கு மிகத் தெளிவான சோதனை ஒன்று, வேண்டுமென்றே ஏற்பாடு செய்ததுபோல, 2016-17 பருவத்தில் நடந்தது. இங்கிலாந்து வந்தது. அந்தத் தொடரின் ஆடுகளங்கள் பெரும்பாலும் ஒழுங்கானவை. மும்பையில் இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 400 எடுத்தது, கோலியின் 235ஓடு இந்தியா 631, அஷ்வினுக்கு ஆட்டத்தில் 12 விக்கெட், இன்னிங்ஸ் வெற்றி. சேப்பாக்கத்தில் இங்கிலாந்து 477 எடுத்தது. இந்தியா 7 விக்கெட்டுக்கு 759, கருண் நாயரின் முச்சதம். ஐந்தாம் நாள் இங்கிலாந்து விக்கெட் இழப்பின்றி 103 என்றிருந்தது. ஆட்டம் சமனில் முடியும் என்று அரங்கில் பாதிப்பேர் எழுந்துபோகும் நேரம். அங்கிருந்து 104 ஓட்டங்களுக்குள் பத்து விக்கெட்டும் விழுந்தன. ஜடேஜா 48க்கு 7. இன்னிங்ஸ் மற்றும் 75 ஓட்டங்களில் வெற்றி, தொடர் 4-0. நானூறும் நானூற்று எழுபத்தேழும் எடுத்த அணியை இன்னிங்ஸ் கணக்கில் வீழ்த்தியது நம் பந்துவீச்சு. வலிமையான பந்துவீச்சு என்றால் அதுதான்.

இரண்டே மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில், புனே. ஆஸ்திரேலியாவுக்காக முதல் நாளிலேயே திரும்பும் ஆடுகளம். அதே கோலி, அதே புஜாரா, அதே அஷ்வின், அதே ஜடேஜா. 3 விக்கெட்டுக்கு 94 என்றிருந்த இந்தியா 105க்கு ஆட்டமிழந்தது. கடைசி ஏழு விக்கெட்டுகள் பதினோரு ஓட்டங்களுக்கு. இரண்டாவது இன்னிங்ஸில் 107. ஸ்டீவ் ஓ’கீஃப் என்னும் இடக்கைச் சுழலர் இரு இன்னிங்ஸிலும் கூட்டிக் குறைக்காமல் 35க்கு 6. தோல்வி 333 ஓட்டங்களில். ஐசிசி அந்த ஆடுகளத்துக்கு ‘மோசம்’ என்று சான்றிதழ் வழங்கியது. இரண்டு மாதத்தில் மட்டையாளர்கள் உத்தியை மறந்துவிட்டார்களா? களம் மாறியது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் நாம் கற்றுக்கொண்டோமா என்றால், 2023 மார்ச்சில் இந்தூர்: முதல் நாளிலேயே 109, குனமன் 16க்கு 5. 2024 அக்டோபரில் நியூசிலாந்து. இந்தத் தொடரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இலங்கையில் 0-2 என்று தோற்றுவிட்டு, வில்லியம்சன் இல்லாமல் வந்த அணி அது. பெங்களூருவில் மேகமூட்டத்தின் கீழ் நாமே முதலில் ஆடத் தேர்ந்து 46க்குச் சுருண்டோம். உள்நாட்டில் நம் மிகக் குறைந்த எண்ணிக்கை. அது அடிலெய்டு வகை விபத்து, அதோடு தவறான தேர்வும். இரண்டாவது இன்னிங்ஸில் சர்ஃபராஸ் 150, பந்த் 99, மொத்தம் 462 என்று எழுந்து நின்றதே போதுமான மறுமொழி. தோற்றாலும் கலங்கியிருக்க வேண்டியதில்லை. ஆனால் கலங்கினோம். புனேயில் காய்ந்த களம் காத்திருந்தது. மிட்செல் சாண்ட்னர், அதுவரை ஒரு டெஸ்ட் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தறியாதவர், ஆட்டத்தில் பதின்மூன்று எடுத்தார். நம் பக்கம் வாஷிங்டன் சுந்தர் பதினொன்று எடுத்தும் தோற்றோம். பன்னிரண்டு ஆண்டுகள், பதினெட்டுத் தொடர்கள் காத்து வந்த கோட்டை விழுந்தது. அடுத்து மும்பையில் 147ஐ எட்ட முடியாமல் 121. அஜாஸ் படேலுக்குப் பதினொரு விக்கெட். 3-0. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்டங்கள் கொண்ட உள்நாட்டுத் தொடரில் அனைத்தையும் தோற்றது அதுவே முதல் முறை.

புனே ஆட்டத்தில் ஒரு காட்சி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கோலி ஒன்பது பந்துகள் ஆடி ஓர் ஓட்டம் எடுத்திருக்கிறார். சாண்ட்னர் வீசிய பந்து தரையில் படவேயில்லை. தாழ்ந்து வந்த ஃபுல் டாஸ். ஆடுகளத்தின் வெடிப்பும் பொடியும் அந்தப் பந்தை ஒன்றும் செய்யவில்லை. கோலி மட்டையைக் குறுக்கே சுழற்றி, தவறவிட்டு, பௌல்ட் ஆனார். பந்து திரும்புமோ வழுக்குமோ என்று ஒவ்வொரு கணமும் அஞ்சியபடி நிற்பவருக்கு, திரும்பவே முடியாத பந்தும் திரும்பும் பந்தாகத்தான் தெரிகிறது. களம் மட்டையாளரின் காலடியில் பொடிவதோடு நிற்பதில்லை.

இருபது ஓவர் ஆட்டத்தின் மீது பழிபோடும் அன்பர்களுக்கு ஒரு கேள்வி. 2025 ஜூலையில் மான்செஸ்டரில் இந்தியா இரண்டாவது இன்னிங்ஸில் ஓட்டமே எடுக்காமல் 2 விக்கெட் இழந்து நின்றது. அங்கிருந்து ராகுல் 90, கில் 103, ஜடேஜா ஆட்டமிழக்காமல் 107, வாஷிங்டன் ஆட்டமிழக்காமல் 101. ஒன்றரை நாளுக்கு மேல் நான்கே விக்கெட் இழப்பில் நின்று ஆட்டத்தைச் சமன் செய்தார்கள். அந்தத் தொடரில் கில்லின் மொத்தம் 754. இவர்கள் அனைவரும் ஐபிஎல் ஆடுகிறவர்கள்தாம். நான்கு மாதத்தில் கொல்கத்தாவில் நொறுங்கியவர்களும் இவர்களே. ரஞ்சி ஆட்டங்களை நட்சத்திரங்கள் புறக்கணித்ததும் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. கோலி 2012க்குப் பின் ரஞ்சிக் களத்துக்கு 2025 ஜனவரியில்தான் வந்தார். அது தனியே பேச வேண்டிய விஷயம்.

இன்னொரு தரப்பும் உண்டு. அதை இத்தனை எளிதில் ஒதுக்க முடியாது. இலக்கிய மனம் படைத்தவர்கள் சொல்வது அது. கடினமான களத்தில்தானே பெரிய ஆட்டம் பிறக்கிறது? 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் 64க்கு 7 எடுத்து இந்தியாவை 190இல் நிறுத்தியபோது விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் எடுத்த 97ஐ, எத்தனையோ இரட்டைச் சதங்களுக்கு மேலாக நம் பெரியவர்கள் இன்னும் போற்றுகிறார்களே? 1987 மார்ச்சில் பெங்களூருவில் பாம்பாய்ச் சீறிய களத்தில், தம் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில், கவாஸ்கர் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நின்று எடுத்த 96? உண்மைதான். நாமும் அவற்றின் அடிமைகளே. ஆனால் பெங்களூரு ஆட்டத்தின் மீதிக் கதையையும் நினைவுகூர வேண்டும். மணிந்தர் சிங் 27க்கு 7 எடுத்துப் பாகிஸ்தானை 116க்குச் சுருட்டினார். வென்றுவிட்டோம் என்றிருந்த வேளையில் இக்பால் காசிமும் தௌசீஃப் அகமதும் ஆளுக்கு ஒன்பது விக்கெட் எடுத்தார்கள். 221ஐ விரட்டி 204. பதினாறு ஓட்டங்களில் தோல்வி. காவியம் கவாஸ்கருக்குக் கிடைத்தது, தொடர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. தனியொருவரின் வீரத்துக்காக மற்ற பத்துப் பேரைப் பலியிடும் களத்தை விரும்பி அமைப்பது ரசிகருக்கு வேண்டுமானால் இன்பமாக இருக்கலாம். அணியை நடத்துகிறவருக்கு அழகல்ல.

2012இல் தோனியும் அப்படித்தான் கேட்டார். அகமதாபாத் வெற்றிக்குப் பின், முதல் நாளிலிருந்தே பந்து திரும்ப வேண்டும் என்றார். மும்பையில் திரும்பியது. பனேசர் 11, ஸ்வான் 8. இந்தியா இழந்த இருபது விக்கெட்டுகளில் பத்தொன்பது அந்த இருவருக்கு. பீட்டர்சன் 186 அடித்தார். இங்கிலாந்து பத்து விக்கெட்டில் வென்று, தொடரையும் 2-1 என்று கொண்டுபோனது. இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் 142. அதில் ஒருவர் மட்டும் 65 எடுத்து மறுமுனைச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பெயர் கௌதம் கம்பீர். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் கொல்கத்தா ஆடுகளத்தைக் கேட்டு வாங்கியவரும் அவரே என்பதை எண்ணும்போது நமக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கேட்பதற்கு இன்று கூடுதல் காரணம் ஒன்று உண்டு. 2019இல் தொடங்கிய உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் வெற்றிக்கு 12 புள்ளிகள், சமனுக்கு 4. உள்நாட்டில் சமன் என்பது பாதித் தோல்வி. ஐந்தாம் நாள் மாலைவரை காத்திருக்கும் சேப்பாக்கப் பாணி வெற்றிக்கு மழை ஒன்று போதும் குலைப்பதற்கு. எனவே விரைவாக முடிக்கும் களம். அந்த அவசரம் அணித்தேர்வுக்கும் தொற்றுகிறது. கொல்கத்தாவில் நான்கு சுழற்பந்து வீச்சாளர்கள். அவர்களுக்கு இடம் தரச் சாய் சுதர்சன் என்னும் முழுநேர மட்டையாளர் வெளியே அமர்ந்தார், வாஷிங்டன் மூன்றாம் இடத்தில் இறங்கினார். ஆறு இடக்கை மட்டையாளர்கள், எதிரே ஓர் ஆஃப் ஸ்பின்னர். வாஷிங்டன் 29உம் 31உம் எடுத்து, கொடுத்த வேலையைப் பிறரைவிட நன்றாகவே செய்தார். இருந்தும் பந்துவீச்சை வலுப்படுத்துகிறோம் என்று மட்டைவீச்சை நாமே மெலிய வைத்தோம். பின்பு மெலிந்துவிட்டதே என்று அங்கலாய்க்கிறோம்.

இதன் விளைவு அந்தக் களத்தோடு முடிந்துவிடுமானால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. முடியவில்லை. அடுத்த ஆட்டம் குவாஹாட்டியில், டெஸ்ட் கண்டறியாத புதிய களம், ஒழுங்கான ஆடுகளம். தென்னாப்பிரிக்கா 489. தமிழ் வேர்கள் கொண்ட சேனுரன் முத்துசாமி அதில் 109 எடுத்தார். அந்தப் பெயரை ஸ்கோர்போர்டில் கண்டு நமக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு ஏற்பட்டதை மறைப்பானேன். அதன்பின் இந்தியா. 1 விக்கெட்டுக்கு 95 என்பதிலிருந்து 7 விக்கெட்டுக்கு 122. இம்முறை வீழ்த்தியவர் நெடிய உயரமுள்ள வேகப்பந்து வீச்சாளர் யான்சன், 48க்கு 6. ஆடுகளத்தில் பூதம் எதுவும் இல்லை. ஆனால் தம் தடுப்பாட்டத்தை நம்புவதை ஒரு வாரத்துக்கு முன் கொல்கத்தாவில் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கு எங்கும் பூதம் தெரிந்தது. பந்த் இறங்கி வந்து வீசியடிக்கப் பார்த்து ஆட்டமிழந்தார். 201, பின்பு 140. தோல்வி 408 ஓட்டங்களில், ஓட்டக் கணக்கில் நம் மிகப் பெரிய தோல்வி. 2000க்குப் பின் தென்னாப்பிரிக்கா இங்கே வென்ற முதல் தொடர்.

அந்த முதல் இன்னிங்ஸில் இந்தியர்களில் அதிகப் பந்துகளைச் சந்தித்தவர் யார் என்று பார்த்தோம். 134 பந்துகள், 19 ஓட்டங்கள். ஒன்பதாம் இடத்தில் இறங்கிய குல்தீப் யாதவ். குனிந்து, மட்டையைக் கால்காப்போடு ஒட்டி வைத்து, வரும் பந்தை வந்தபடியே தடுத்துக்கொண்டிருந்தார்.